ஐந்தாவது குழி

பெட்டியின் சீல் உடைபடாமல் இருந்தது. புதன்கிழமை, மதியம் பன்னிரண்டரை. ஸ்டோர் ரூமில் இருப்பு எழுதுவதற்காகக் குந்தி உட்கார்ந்து, கீழ்த் தட்டில் இருந்த அட்டைப் பெட்டியை வெளியே இழுத்தேன். சாதாரண பிளேட், ஒரு பெட்டி என்று நோட்டில் எழுதப் போனவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். ஏன் படித்தேன் என்று தெரியவில்லை. 'லேபிளைப் படித்துவிட்டு எடுக்கவும்' என்று நானே கொட்டை எழுத்தில் எழுதி அந்தத் தட்டில் ஒட்டிவைத்த காகிதம் கண்ணில் பட்டிருக்கலாம். லேபிளின் மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில், உட்பூச்சு உள்ளது என்று போட்டிருந்தது. எழுந்து, மேல் தட்டில் திறந்து கிடந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் அந்த வரி இல்லை. ஆறு வாரமாக நான் எடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பெட்டியிலிருந்துதான்.

என்ன பெரிய பிளேட், என்ன பெரிய பூச்சு என்று கேட்பீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நான் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் டெக்னீஷியன். இருபத்திரண்டு வருஷமாகச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுவதுதான் பிழைப்பு. என் கை அளந்தால் திரும்ப அளக்க வேண்டாம் என்று எனக்குத் தராசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு, இல்லை என்றால் பொய். ஆறு வாரமாக என் கையில் இருந்தது இரண்டு பெப்டைடுகளை ஒப்பிடும் வேலை. பெப்டைடு என்றால் பயப்பட வேண்டாம், புரதத்தில் ஒரு சின்னத் துண்டு. இவை இரண்டும் கிருமியின் தோலில் ஓட்டை போட்டுக் கொல்லுகிற துண்டுகள், இயற்கையிலேயே இருப்பவை. ஒன்று, பாலைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர் தன் இடத்துக்கு வேறு எவனும் வந்துவிடக் கூடாது என்று தயாரித்துக்கொள்வது. இன்னொன்று, எந்நேரமும் ஈரத்தில் கிடக்கும் ஒரு தவளை தன் தோல் அழுகிப்போகாமல் இருக்கச் சுரப்பது. பால் பெப்டைடு ஊருக்கு நல்ல பிள்ளை. சீஸ் கெடாமல் இருக்க அதை ரொம்ப காலமாகச் சேர்க்கிறார்கள். தின்றால் வயிற்றில் செரித்துப்போகும், யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் ஒற்றைச் சுவர் உள்ள கிருமியைத்தான் அதனால் உடைக்க முடியும். சில கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சுவர் இருக்கும். அவற்றிடம் போனால் வாசலில் நின்று கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடும். தவளை அப்படி இல்லை, எந்தச் சுவரானாலும் உடைக்கும். உடைக்கும் என்றுதான் நம்பியிருந்தோம்.

எங்களுக்கு வேண்டியது தீக்காயத்துக்கு ஒரு களிம்பு. தீக்காயத்தில் இரண்டு வகைக் கிருமியும் வந்து குடியேறும். எந்தப் பெப்டைடை வைத்துக் களிம்பு செய்வது என்று முடிவு சொல்ல வெளியிலிருந்து ஒரு குழு வருஷத்துக்கு ஒரு தடவை வரும். இந்த வருஷம் வியாழக்கிழமை மூன்று மணிக்கு, அதாவது மறுநாள். ஜெயிக்கிற பெப்டைடுக்கு மூன்று வருஷம் வேலை நடக்கும், தோற்றதின் ஃபைலை மூடிவிடுவார்கள். பால் பெப்டைடுக்குச் சொந்தக்காரர் பாலம்மா. எங்களில் மூத்தவர், நிரந்தர வேலை, ஒரு ஃபைலை மூடினால் இன்னொன்றைத் திறந்துகொள்வார். தவளைப் பெப்டைடைக் கொண்டுவந்தவனுக்குத் தவளை என்றே பெயர் விழுந்துவிட்டது. முப்பத்தாறு வயசு, ஒப்பந்த வேலை. நாலு வருஷம் அந்த ஒரு துண்டுப் புரதத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறான். ஃபைல் மூடினால் மாதக் கடைசியில் அவனும் வெளியே. நான் கொடுத்த ரிசல்ட்டில் தவளை மண்ணைக் கவ்வியிருந்தது.

ரிசல்ட் எப்படி எடுக்கிறோம் என்றால், உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பிளேட்டில் தொண்ணூற்றாறு குழிகள் இருக்கும், ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு. முதல் குழியில் மருந்து நிறைய, அடுத்ததில் அதில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி, இப்படியே குறைந்துகொண்டு போகும். எல்லாக் குழியிலும் கிருமியை விட்டு ஒரு ராத்திரி சூட்டில் வைப்போம். காலையில் கிருமி செத்த குழி தெளிவாக இருக்கும், பிழைத்த குழி கலங்கிக் கிடக்கும். எத்தனையாவது குழி வரை தெளிவோ அவ்வளவு பலம். தவளைக்கு இரண்டாவது குழி வரைக்கும்தான் தெளிந்தது. அத்தனை மருந்தைக் காயத்தில் கொட்ட முடியாது. ஆனால் தவளைப் பெப்டைடுக்கு ஒரு கெட்ட குணம், சாதாரண பிளாஸ்டிக்கைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். தக்காளி போட்டுச் சமைத்ததைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோனால் எத்தனை தேய்த்தாலும் ஒரு சிவப்பு நிற்குமே, அந்த மாதிரி. நாம் ஊற்றியதில் பெரும்பங்கு குழிச் சுவரில் போய் உட்கார்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். அதற்காகத்தான் ஒட்டாத பூச்சு பூசிய பிளேட். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பத்து வருஷமாக என் ஸ்டோரில் பூச்சுப் பிளேட் மேல் தட்டு, சாதாரணம் கீழ்த் தட்டு. புது லோடு வந்த அன்றைக்கு நான் லீவு. எவரோ மாற்றி அடுக்கிவிட்டார்கள். அடுக்கியவரைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? லேபிளைப் படி, லேபிளைப் படி என்று கூடம் முழுக்கக் கத்துகிற நான், ஆறு வாரமும் இடத்தைப் பார்த்து எடுத்திருக்கிறேன். கை பழகிய இடத்துக்குக் கண் போகவில்லை.

வெளியே வந்தபோது தவளை தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தான். கம்ப்யூட்டர் மேல் ஒரு பச்சை ரப்பர் தவளை உட்கார்ந்திருக்கும், நாங்கள்தான் வாங்கி வைத்தோம். அதை எடுத்து அட்டைப் பெட்டிக்குள் போட்டான். குழு இன்னும் கூடவே இல்லை, இவன் அதற்குள் மூட்டை கட்டிவிட்டான். என்னைப் பார்த்ததும், ஜன்னலோரம் இருந்த தொட்டிச்செடியை நீங்க எடுத்துக்கங்கக்கா, பஸ்ஸில் கொண்டுபோக முடியாது என்றான். சிரித்த முகமாகத்தான் சொன்னான். நான் தலையை ஆட்டினேனா இல்லையா, நினைவில்லை. பிளேட் மாறிய விஷயம் வாய்வரை வந்தது. கையில் ரிசல்ட் இல்லாமல் சொன்னால் வெறும் ஆசைகாட்டல் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். தராசுக்குத் தட்டு சாய்ந்துவிட்டது என்று நாலு பேர் சொல்வார்களே என்ற பயம்.

மதியச் சாப்பாட்டை மறந்தேன். லேபிளை மூன்று தடவை படித்துவிட்டுச் சீலை உடைத்தேன். இரண்டு பெப்டைடுக்கும், இரண்டு வகைக் கிருமிக்கும் புதிதாக வரிசை போட்டு, ஐந்து மணிக்குச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். தவளைப் பெப்டைடு தவளையின் சொந்தப் பெட்டியில் பூட்டி இருக்கும். எனக்கு அவன் ஏற்கெனவே கொடுத்திருந்ததில் மிச்சம் கொஞ்சம் இருந்தது, அது இதற்கே சரியாய்ப் போயிற்று.

வீட்டில் என் வீட்டுக்காரர் குழாயடியில் மணிக்கட்டை நனைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. முழங்கைவரைக்கும் கோடு கோடாகச் சூட்டுத் தழும்பு. ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. போன வருஷம் ஒரு காயம் சீழ் பிடித்து, மூன்று மாதம் ஆறாமல், விரலை மடக்க முடியாமல் திண்டாடினார். அதிலிருந்து, உன் தவளை மருந்து எப்ப வரும் என்று வாரம் ஒரு தடவை கேட்பார், கேலிக்குப் பாதி, நிஜத்துக்குப் பாதி. அன்றைக்கும் கேட்டார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கையைத் துடைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க கடையில ரொட்டி கருகிப்போனா நாய்க்குப் போட்டுட்டு வேற மாவு பிசைவோம். உங்க கூடத்துல கருகினதை யாருக்குப் போடுவீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

வியாழன் காலை எட்டரைக்கு நான்தான் முதல் ஆள். சூட்டுப் பெட்டியைத் திறந்து, பிளேட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பால் பெப்டைடு பழையபடியேதான். ஒற்றைச் சுவர்க் கிருமிக்கு ஏழு குழி தெளிவு, இரட்டைச் சுவருக்கு முதல் குழியிலிருந்தே கலங்கல். அது பிளாஸ்டிக்கை அவ்வளவாகக் கட்டிக்கொண்டு அழுகிற ஜாதி இல்லை. தவளை வரிசைக்கு வந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து குழியும் தண்ணீர்போலத் தெளிந்திருந்தன. இரண்டு வகைக் கிருமிக்கும் அப்படியே. நான் ஆறு வாரமாகச் சொன்னதைவிட எட்டு மடங்கு பலம். இந்த அளவு மருந்தைத் தாராளமாகக் காயத்தில் போடலாம். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஒன்பதரைக்குத் தவளை வந்தான். பையை மேஜையில் வைக்கக்கூட விடாமல் உள்ளே கூட்டிப்போய், சுற்றி வளைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்தபிறகு அவன் நெடுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை வாரமாக என்று மட்டும் கேட்டான். ஆறு என்றேன். நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு பிளேட்டை வாங்கி, பேனா முனையால் குழி குழியாக எண்ணினான். மறுபடியும் எண்ணினான். ஐந்தாவதில் பேனா நின்றது. இந்த ஆறு வாரத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

இரண்டு பேருமாக இயக்குநரிடம் போனோம். கூடத்தில் அவருக்குப் பெரியவர் என்றுதான் பெயர், நேரில் சார். குழுவுக்கான ஃபைலை முன்னால் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே கடுகடுவென்று இருந்தார். தப்பு என்னுடையது, அவனுடையது இல்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னை யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். திட்டவில்லை. திட்டாதது இன்னும் மோசமாக இருந்தது. புது ரிசல்ட்டை எடுத்து ஃபைலில் செருகினார், பழைய தாளை உருவிப் போட்டார். அடுத்த தாளில் விரலை வைத்து, ரத்தத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை, நல்லது, இது அப்படியே இருக்கட்டும் என்றார். இனி என்னிடம் ஓடிவராதீர்கள், மூன்று மணிக்கு என் மேஜையில் எது இருக்கிறதோ அதுதான் பேசும், புதுசு இருந்தால் புதுசு, இல்லாவிட்டால் பழசு என்று சொல்லிக் கதவைக் காட்டினார்.

ரத்தம் என்று அவர் சொன்னது அறைக்கு வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கிருமியின் தோலை ஓட்டை போடுகிற மருந்து நம் ரத்த அணுவையும் ஓட்டை போடலாம். அதைச் சோதிக்கத் தனியாக ஒரு பரிசோதனை உண்டு. தவளை அதில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தது. முதல் குழியில்கூட ஓர் அணுவும் உடையவில்லை. பலம் இல்லை, ஆனால் பரம சாது என்று அதைப் பற்றிப் பேசிக்கொண்டோம். அந்தப் பரிசோதனையையும் நான் அதே பிளேட்டில்தான் செய்திருந்தேன். மருந்து சுவரில் ஒட்டிக்கொண்டு தூங்கினால் ரத்தத்தை யார் உடைப்பது? சாது என்று நாங்கள் சொன்னது தவளையை இல்லை, பிளாஸ்டிக்கை.

படிக்கட்டில் பாதி இறங்கியதும் நின்றேன். அவன் இரண்டு படி கீழே போய்த் திரும்பிப் பார்த்தான். சொன்னேன். நான் சொல்லி முடிக்க வேண்டியிருக்கவில்லை, பாதியிலேயே அவன் முகம் சுருங்கிவிட்டது. மூன்று மணிக்குள் செய்துவிடலாம், ஒரு மணி நேரச் சூடு, பத்து நிமிஷச் சுழற்சி, அவ்வளவுதான், உன் பெட்டியில் மருந்து இருக்கிறது இல்லையா என்றேன்.

"ரத்தம் அப்புறம் பாத்துக்கலாம்க்கா."

"அப்புறம்னா எப்ப தம்பி? ஃபைல் இன்னிக்குப் போகுது."

கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். குரலை உயர்த்தவில்லை. "உங்க தப்பால நான் ஆறு வாரம் செத்துச் செத்துப் பொழைச்சேன். இன்னிக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தத் தப்பு எனக்கு ஒத்தாசையா இருந்துட்டுப் போகட்டுமே."

நியாயம்தானே என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. இவன் தலையில் மண்ணைப் போட்டவள் நான். இப்போது முளைத்துவருகிற நேரத்தில் மறுபடியும் நானே மிதிக்க வேண்டுமா? வாயை மூடிக்கொண்டிருந்தால் இவனுக்கு மூன்று வருஷம் வேலை. ரத்தத்தை அடுத்த மாதம் சாவகாசமாகப் பார்த்தால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஃபைல் ஒரு தடவை நகர்ந்துவிட்டால் அதைப் பின்னால் இழுக்க யாருக்கும் மனசு வராது என்பதை இருபத்திரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன். குழாயடியில் நனைந்த மணிக்கட்டு கண்முன் வந்து நின்றது.

"களிம்பு வந்தா முதல்ல எங்க வீட்டுக்காரர் கையிலதான் தடவுவேன். தோல் உரிஞ்ச எடம், உள்ள ரத்தம்தான். தடவலாமா? நீ தடவுங்கன்னு சொல்லு, நான் இதோட விட்டுடறேன்."

என்னைத் தாண்டி மேலே ஏறிப் போய்விட்டான்.

பன்னிரண்டு மணிக்கு நான் குளிர்பெட்டியிலிருந்து ஆட்டு ரத்தப் பாட்டிலை எடுத்தேன். மருந்து இல்லாமல் ரத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. கை சும்மா இருந்தால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ரத்த அணுக்களை உப்புத் தண்ணீரில் போட்டுச் சுழற்றி, மேல் தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் உப்புத் தண்ணீர். மூன்று தடவை. மேலே நிற்கும் தண்ணீர் கண்ணாடியாய்த் தெளியும்வரை. சோதனையில் அணு உடைந்தால் உள்ளே இருக்கும் சிவப்பு தண்ணீரில் கலந்துவிடும், உடையாத அணு சுழற்றினால் அடியில் போய்ப் பொட்டுபோல உட்கார்ந்து மேல் தண்ணீர் வெள்ளையாக நிற்கும். அவ்வளவுதான் விஷயம், பச்சைக் குழந்தைகூடப் படித்துவிடும். பூச்சுப் பிளேட்டில் பால் பெப்டைடுக்கு ஒரு வரிசை, வெறும் உப்புத் தண்ணீருக்கு ஒரு வரிசை, எல்லாவற்றையும் உடைக்கும் சோப்புத் தண்ணீருக்கு ஒரு வரிசை என்று போட்டேன். நடுவில் ஒரு வரிசையைக் காலியாக விட்டேன். மணி ஒன்று. ஒன்று ஐந்து. ஒன்று பத்து. கதவுக் கண்ணாடியில் ஒவ்வொரு நிழல் போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒன்றரையைத் தாண்டினால் ஒன்றும் நடக்காது. மனசுக்குள் அவனைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், லோடு அடுக்கிய அந்தப் புண்ணியவானையும் திட்டினேன்.

ஒன்று இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. தவளை வந்து, ஐஸ் தட்டில் ஒரு சின்ன டியூபை வைத்தான். சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் அடியில் இருந்தது. "ஒரு வரிசைக்குத்தான் வரும். இதுக்கு மேல கெடையாது. புதுசா செஞ்சு வர ரெண்டு மாசம் ஆகும்" என்றான். நான் தலையாட்டினேன். அவன் போகவில்லை. எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் ஊற்றுவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் என் கையை அப்படிக் காவல் காத்ததில்லை. கோபம் வரவில்லை. முதல் குழி, பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. பன்னிரண்டாவதை முடித்தபோது என் முதுகில் சட்டை ஒட்டியிருந்தது. லேபிளைப் படிச்சீங்களா என்று கேட்டான். படிச்சேன் என்றேன். எடுத்துக் காட்டச் சொன்னான், காட்டினேன்.

சூட்டுப் பெட்டியில் ஒரு மணி நேரம். நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெட்டியின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை அவன் கேட்டான், ஐந்தாவது சிவந்திருந்தால் என்ன ஆகும் என்று. அவனுக்குத் தெரியாததா? கிருமியைக் கொல்ல வேண்டிய அளவு ஐந்தாவது குழி. அதே அளவு ரத்தத்தையும் உடைத்தால் திறந்த காயத்துக்கு அது ஆகாது. ரத்தம் படாத இடத்துக்கு, ஆஸ்பத்திரிக் குழாய் மேல் பூச, பஞ்சில் நனைக்க, வேறு ஏதாவது உபயோகம் பிற்பாடு யோசிக்கலாம். ஆனால் இந்தக் குழு காயக் களிம்புக்குத்தான் வந்திருக்கிறது. ஐந்தாவது தெளிந்திருந்தால் பாலம்மாவின் பெப்டைடு கிட்டேகூட வர முடியாது. ஒன்று முதல் நான்கு வரை எப்படி இருந்தாலும் கவலை இல்லை, எல்லாம் ஐந்தாவதில். இதை எல்லாம் நான் சொல்லவில்லை. பாக்கலாம் தம்பி என்று மட்டும் சொன்னேன்.

இரண்டே முக்காலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சுழற்சி மெஷினில் வைத்தேன். அது சுற்றி நின்று, மூடி தானாகத் திறந்துகொள்ள இரண்டு ஐம்பது ஆகிவிட்டது. பிளேட்டை மெல்ல வெளியே எடுத்து மேஜை விளக்கின் கீழே வைத்தேன். உப்புத் தண்ணீர் வரிசை, பன்னிரண்டு சிவப்புப் பொட்டு. சோப்புத் தண்ணீர் வரிசை, பன்னிரண்டும் சிவப்புத் தண்ணீர், பொட்டே இல்லை. பால் பெப்டைடு, எல்லாம் பொட்டு, எல்லாம் தெளிவு, நல்ல பிள்ளை எப்போதும் நல்ல பிள்ளைதான். தவளை வரிசையில் முதல் மூன்றும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. நான்காவதும் சிவப்பு. ஆறாவதிலிருந்து பன்னிரண்டுவரை பொட்டு அழகாக உட்கார்ந்து, தண்ணீர் தெளிந்திருந்தது.

ஐந்தாவது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அடியில் பொட்டு இருக்கிறது, பக்கத்துக் குழியைவிடச் சிறுத்ததா என்றால் சொல்ல முடியவில்லை. மேல் தண்ணீர் வெள்ளை என்றால் வெள்ளை, ரோஜா என்றால் ரோஜா. நான்காவது குழியின் சிவப்பு இதில் எதிரொளிக்கிறதோ என்று அட்டையை வைத்து மறைத்துப் பார்த்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

அளக்கும் மெஷினில் கொடுக்க நேரம் இல்லை. அதில் கொடுக்க, மேல் தண்ணீரை மட்டும் உறிஞ்சி வேறு பிளேட்டுக்கு மாற்ற வேண்டும், அதற்கே கால் மணி ஆகும். போனில் படம் எடுக்கலாமே என்பீர்கள். கிருமி அறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது, எல்லாம் கீழ்த் தளத்து லாக்கரில். எடுத்தாலும் அந்த வெளிறிய சிவப்பு படத்தில் விழாது. பிளேட்டைத்தான் கொண்டுபோக வேண்டும். மீட்டிங் அறை ஒரு மாடி மேலே, நீண்ட வராந்தாவின் கோடியில். அங்கே நாலு பேர் தங்கள் கண்ணால் பார்த்து முடிவு சொல்லட்டும். ஆனால் வழியில் பிளேட் குலுங்கினால் அடியில் இருக்கும் அணுக்கள் கலங்கிப் பன்னிரண்டு குழியும் ஒரே சிவப்பாகிவிடும், எதுவும் படிக்க முடியாது. திரும்பச் சுழற்ற நேரமும் இல்லை. அப்போது பெரியவர் மேஜையில் மிஞ்சுவது பழைய தாள்தான், ஒரு கெடுதலும் இல்லை என்கிற அந்தத் தாள்.

நான் பிளேட்டைத் தூக்கினேன். என் கை நடுங்கியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், கல்யாணத்தன்று நடுங்காத கை, பிரசவத்துக்குப் போனபோது நடுங்காத கை. அந்தக் குழிகளில் தண்ணீர் அலை அலையாக ஆடுவதைப் பார்த்துச் சட்டென்று மேஜையில் திரும்ப வைத்துவிட்டேன்.

"குடுங்கக்கா, நான் கொண்டு வரேன்" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒரு படி தடுக்கினால் போதும், வேண்டுமென்றுகூடத் தடுக்க வேண்டாம். யாரும் அவனைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். நானே முதல் ஆளாகப் பரவாயில்லை தம்பி என்றிருப்பேன். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. மேஜையைவிட்டு விலகி நின்றேன்.

அவன் இரண்டு கையாலும் எடுத்தான், நெஞ்சுக்கு நேராக. நான் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தேன், பிறகு அவனுக்குப் பின்னால் நடந்தேன். வராந்தாவில் ஒருவர் பெட்டிகள் ஏற்றிய டிராலியைத் தள்ளிக்கொண்டு கடகடவென்று வந்தார். ஓரம் போங்க, ஓரம் போங்க என்று நான் கையைக் காட்டினேன். அவன் நின்றான், டிராலி போய் அதிர்வு அடங்கும்வரை நின்றான். படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நிறைகுடம் சுமக்கிறவன்போல ஏறினான். பதினெட்டுப் படி. எண்ணினேன். காலையில் நாங்கள் நின்று பேசிய இடத்தைத் தாண்டும்போது அவன் நடை ஒரு கணம் தயங்கியது. அவன் அடுத்த படியில் காலை வைத்தான்.

மேல் வராந்தாவின் கோடியில் பாலம்மா நின்றிருந்தார். எங்களையும் அவன் கையில் இருந்ததையும் பார்த்தார், என்னவென்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீட்டிங் அறைக் கதவு தானாக அடித்து மூடிக்கொள்ளும் கதவு. எல்லோருக்கும் முழங்கையில் ஒரு தடவையாவது இடித்திருக்கிறது. அவர் அதைத் திறந்து தன் முதுகால் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தமும் நாற்காலி இழுக்கும் சத்தமும் வந்தன. வாசலுக்கு ஓரடி முன்னால் தவளை நின்றான். அவன் தோளுக்கு மேலாக நான் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் பிளேட்டின் குறுக்கே விழுந்திருந்தது. பொட்டுகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஐந்தாவது குழியில் தண்ணீர் மட்டும் லேசாக ஆடி, மெல்ல மெல்ல நின்றுகொண்டிருந்தது. அது முழுசாக நிற்கும்வரை அவன் காத்திருந்தான்.